பள்ளிக்கூட மாடியிலிருந்து வந்த அழைப்பு

போன மாதம் உங்கள் பேரிடர் மீட்புப் பயிற்சி வகுப்பில் பேச என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு முன்னால் பேசிய அலுவலர், வகுப்பு தூங்கி வழிகிறதே என்று தன் போனில் இருந்த ஒரு ஒலிப்பதிவைப் போட்டுக் காட்டினார். அலைபேசி அபாய எச்சரிக்கையைச் சோதனை செய்த அன்று ஏதோ ஒரு கட்டுப்பாட்டு அறைக்கு ஒரு பெண் பேசியது. "இன்னும் எவ்வளவு நேரத்துல தண்ணி வரும்?" என்று அவர் கேட்கிறார். ஓர் ஆண் குரல் நக்கலாகப் பதில் சொல்கிறது. பின்னால் நாலைந்து பேர் சிரிக்கிறார்கள். நீங்களும் சிரித்தீர்கள். மதியச் சாப்பாட்டுக்கு முந்தைய நேரம், சிரிக்க ஏதாவது கிடைத்தால் போதும் என்று இருந்திருக்கும். உங்களைக் குறை சொல்லவில்லை.

அந்த ஆண் குரல் என்னுடையது.

அதை அப்போதே எழுந்து சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மைக்கைப் பிடித்து, நிவாரண முகாமில் குடிதண்ணீருக்கு என்ன ஏற்பாடு செய்ய வேண்டும் என்று முக்கால் மணி நேரம் பேசினேன். பொன்னாடை போர்த்தினார்கள். மடித்து எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்று சொல்ல வாய் வராததை இப்போது எழுதுகிறேன்.

நான் துணை வட்டாட்சியராக இருந்து ஓய்வு பெற்றவன். தாமிரபரணிக் கரையில் ஒரு வட்டம். எந்த வட்டம், எந்த ஊர் என்று எழுதமாட்டேன். அந்தப் பெண்ணை இனியும் யாரும் தேடிப் போய்ச் சிரிக்க வேண்டாம். பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். மாரிச்செல்வி என்று வைத்துக்கொள்வோம். நாற்பது வயதைத் தாண்டியவர், பீடி சுற்றுகிறவர், கணவர் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். ஆற்றுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிற கடைசித் தெருவில் வீடு.

சோதனை நடக்கப்போகிறது என்று முதல் நாளே எங்களுக்குச் சுற்றறிக்கை வந்துவிட்டது. எல்லாருடைய அலைபேசியும் ஒரே சமயத்தில் பெரிதாக ஒலி எழுப்பும், யாரும் பயப்பட வேண்டாம், இதை மக்களுக்கு முன்கூட்டியே தெரியப்படுத்துங்கள் என்று அதில் இருந்தது. தெரியப்படுத்துகிற வேலை என்னுடையது. நான் என்ன செய்தேன்? அந்தத் தாளைப் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலர்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். நாலைந்து கட்டைவிரல் படங்கள் வந்தன. வேலை முடிந்தது என்று காப்பி குடிக்கப் போய்விட்டேன். மழைக்காலத்தில் மைக் கட்டி அனுப்புவோமே, அந்த ஆட்டோக்காரர் எங்கள் அலுவலக வாசலில்தான் நின்றுகொண்டிருந்தார். ஆற்றோரத் தெருக்களுக்கு ஒரு சுற்று போய்வரச் சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் மதியத்துக்கு முன்னால் போன்கள் அலறின. முன்கூட்டியே தெரிந்திருந்த எங்களுக்கே தூக்கிவாரிப் போட்டது. தெரியாதவர்கள் என்ன பாடு பட்டிருப்பார்கள்?

கட்டுப்பாட்டு அறை என்றால் பெரிதாக நினைக்காதீர்கள். அலுவலகத்தின் பின்பக்கம் ஓர் அறை, இரண்டு மேசை, ஒரு தொலைபேசி, ஒரு அலைபேசி. அலைபேசிக்கு வருகிற அழைப்பெல்லாம் தானாகப் பதிவாகிவிடும். அறையில் இருக்கிற எல்லாருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவோம். அன்றைக்கு அது கீழே வைக்க விடாமல் அடித்தது. ஒருவர் தன் போன் வெடிக்கப்போகிறது என்று பயந்து அதை வாய்க்காலில் எறிந்துவிட்டு, பக்கத்து வீட்டுப் போனிலிருந்து, "ஏவே, என் போனுக்கு யாரு பொறுப்பு?" என்று கேட்டார். ஒரு பஸ் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, "எல்லா போனும் சேந்து கத்துது, ஆளுவ பயந்து இறங்கி ஓடுதாவ, நான் இப்ப என்ன செய்யட்டும்?" என்றார். ஒரு கல்யாண வீட்டில் சரியாகத் தாலி கட்டும் நேரம். பெண்ணின் சித்தப்பா ஏசிய ஏச்சை இங்கே எழுத முடியாது. ஒரு தலைமையாசிரியை பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடட்டுமா என்று நடுங்கிய குரலில் கேட்டார்.

முதல் நாலைந்து அழைப்புகளுக்குப் பொறுமையாகத்தான் பேசினேன். பிறகு பொறுமை போய், வேறொன்று வந்தது. எதிரே ஆள் பயந்திருக்கிறார், நமக்கு விஷயம் தெரியும் என்றால், நம்மை அறியாமல் ஒரு பெரியமனுஷத்தனம் வந்துவிடுகிறது. பதில் சொல்லும்போது பக்கத்தில் இருக்கிறவர்களைப் பார்த்துக் கண்ணடிக்க ஆரம்பித்திருந்தேன். அந்த நேரத்தில்தான் மாரிச்செல்வி கூப்பிட்டார்.

நீங்கள் வகுப்பில் கேட்டது பாதிதான். முதல் பாதியை நான் வெட்டிவிட்டேன். நீளமாக இருக்கிறது, அதில் சிரிப்புக்கு ஒன்றுமில்லை என்று வெட்டினேன். வெட்டியது இதுதான்.

"அய்யா, கண்ட்ரோல் ரூமா? நான் கடைசித் தெருவுல இருந்து பேசுதேன். எங்க தெருவுல எல்லாரையும் பள்ளிக்கூடத்து மாடியில ஏத்தியாச்சு. தையக்காரர் பரமசிவம் அண்ணாச்சி கை கால் வெளங்காம படுக்கையில கெடக்காவ, அவுகளையும் கட்டிலோட நாலு பேரு தூக்கியாந்துட்டோம். ஒரு வீட்டுலயும் ஆள் இல்ல. நான் கடைசியா ஒவ்வொரு வீடா எட்டிப் பாத்துட்டுத்தான் வந்தேன்."

எச்சரிக்கை ஒலித்துக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அதற்குள் முப்பத்தைந்து வீடுகளைத் தனி ஒரு பெண் காலி செய்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் நீங்கள் கேட்டது.

"இன்னும் எவ்வளவு நேரத்துல தண்ணி வரும் அய்யா?"

"எந்தத் தண்ணிம்மா?"

"அணையத் தொறந்துட்டாவன்னுதான போன் கத்துச்சு?"

"அணையும் தொறக்கல, ஒண்ணும் தொறக்கல. அதுல சோதனைன்னு போட்டிருக்குலா? படிக்கத் தெரியாதா உங்களுக்கு?"

"படிக்கதுக்கு நிக்கல அய்யா. சத்தம் கேட்டா முதல்ல மேட்டுக்கு ஏறணும், பெறகுதான் மத்ததுன்னு உங்க ஆளுவதான ஒத்திகைக்கு வந்தப்ப சொன்னாவ."

அறையில் எல்லாரும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சொன்னேன், "அப்ப ஒண்ணு செய்யுங்க. ஏறினது ஏறிட்டிய. எல்லாருமாச் சேந்து ஒரு குரூப் போட்டோ எடுத்துட்டு பைய இறங்குங்க."

அறை வெடித்துச் சிரித்தது. சிரிப்புக்கு நடுவில் மாரிச்செல்வி, "அப்ப தண்ணி வராதா அய்யா?" என்று கேட்டது பதிவில் சன்னமாக இருக்கிறது. நீங்கள் சிரித்துக்கொண்டிருந்ததில் அது உங்களுக்குக் கேட்டிருக்காது. எங்களுக்கும் கேட்கவில்லை.

சத்தம் கேட்டு வட்டாட்சியர் அம்மா தன் அறையிலிருந்து வந்து, "என்ன சிரிப்பு?" என்று கேட்டார். "சும்மா மேடம், ஜனங்க பயந்துபோய்க் கேக்காங்க" என்றேன். அவர் சிரிக்கவில்லை. "பயந்தவங்களுக்குப் பதில் சொல்லத்தான் உங்கள உக்கார வெச்சிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அவர் தலை மறைந்ததும், இவங்களுக்கு நகைச்சுவையே பிடிக்காது என்று ஒருவர் சொன்னார். நான் தலையாட்டினேன். சாப்பிட்டு முடித்த கையோடு அந்தப் பதிவை வெட்டி, அலுவலக நண்பர்கள் குழுவில் போட்டேன். எட்டே பேர் இருந்த குழு. நமக்குள்தானே என்று நினைத்தேன்.

சாயங்காலம் பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் இருந்தவர் அதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு முன்பின் தெரியாத ஆள். திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜன்னலை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன். அப்போதும் பயம்தான் வந்தது, வெட்கம் வரவில்லை. என் பெயர் வெளியே வந்துவிடுமோ என்ற பயம்.

மாரிச்செல்வியின் ஊருக்கு அது அன்றைக்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அந்தப் பெண் குரல் யாருடையது என்று ஊருக்குத் தெரியாதா? அவர் சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு வரக் கடைத்தெருவுக்குப் போகும்போதெல்லாம், டீக்கடையில் இருந்த இளவட்டங்கள் எச்சரிக்கை ஒலி மாதிரி வாயாலேயே ஊளையிட்டார்கள். "எக்கா, குரூப் போட்டோவுக்கு எப்ப வர?" என்றார்கள். பெரிய மகளைப் பள்ளிக்கூடத்தில் கேலி செய்து, அவள் சில நாள் போகாமல் இருந்தாள். இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரியும். தெரிந்துகொள்ள அப்போது நான் முயற்சி செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த வருஷம் மழைக்காலம் முடிகிற சமயத்தில் நிஜமாகவே வெள்ளம் வந்தது. மலையிலும் கீழேயும் விடாமல் கொட்டியது. மணிமுத்தாறு அணை நிறைந்து, பாபநாசம் அணையும் நிறைந்து, வந்த தண்ணீரை அப்படியே வெளியே விட வேண்டிய நிலை. காலை ஏழரை மணி இருக்கும், போன்கள் அலறின. அதே ஒலி. இந்தத் தடவை சோதனை இல்லை.

கடைசித் தெருவில் என்ன நடந்தது என்பதைப் பலர் சொல்லக் கேட்டுத்தான் எழுதுகிறேன். பாதிப் பேர் போனை எடுத்துப் பார்த்து ஒலியை நிறுத்திவிட்டு வேலையைப் பார்த்தார்கள். "மாரிச்செல்வி, உனக்குத்தான்டி போன்" என்று ஒரு வீட்டிலிருந்து சத்தம் வந்தது. மாரிச்செல்வி வாசலில் நின்று ஆற்றைப் பார்த்திருக்கிறார். தண்ணீர் செம்மண் நிறத்தில் படித்துறையின் மேல்படியைத் தொட்டுவிட்டது. பக்கத்து வீட்டுப் பெண்ணிடம், "போயிருவோமா?" என்று கேட்டாராம். "நீ மறுபடியும் ஆரம்பிச்சிட்டியா?" என்று அந்தப் பெண் சிரித்திருக்கிறார். பரமசிவம் வீட்டுக்குப் போனார். "கட்டிலத் தூக்க ஆம்பளையாளு வேணும்லா, கூப்பிட்டு வா" என்றார் பரமசிவத்தின் மனைவி. டீக்கடையில் நின்றவர்களைக் கூப்பிடப் போனார். அவர் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அவர்கள் ஊளையிட ஆரம்பித்துவிட்டார்கள்.

மாரிச்செல்வி திரும்பி வந்து, இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூட மாடிக்கு ஏறிவிட்டார். வேறு யாரையும் கூப்பிடவில்லை.

ஒரு மணி நேரத்தில் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது.

நான் அப்போது கட்டுப்பாட்டு அறையில் இருந்தேன். கடற்கரையிலிருந்து மீனவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த இரண்டு படகுகள் எங்கள் பொறுப்பில் இருந்தன. எங்கே அனுப்புவது என்று முடிவு செய்கிறவன் நான். எந்தத் தெருவிலிருந்து அழைப்பு அதிகம் வருகிறதோ அந்தத் தெருவுக்கு அனுப்பினேன். படகுக்காரர் ஒருவர், கழுத்தில் ஜெபமாலை போட்டிருந்தவர், சுவரில் தொங்கிய வரைபடத்தில் விரலை வைத்து, "சார், இந்தக் கடைசித் தெரு ரொம்பத் தாழ்வாக் கெடக்கே, அங்கன போக வேண்டாமா?" என்று கேட்டார்.

"அங்க இருந்து ஒரு போன்கூட வரல. ஏறியிருப்பாங்க" என்றேன்.

"போன் வரலன்னா ஆள் இல்லன்னா சார் அர்த்தம்?"

எனக்குக் கோபம் வந்தது. "சொன்ன இடத்துக்குப் போங்க" என்றேன். அவர் போனார். சொன்ன இடத்திலும் ஆட்கள் தவித்துக்கொண்டுதான் இருந்தார்கள், அவர்களைக் காப்பாற்றினோம். ஆனால் அந்தத் தெரு அழைக்கவில்லை என்பதை நான் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டேன். முதல் தடவை ஒலித்தபோது கால் மணி நேரத்தில் எங்களைக் கூப்பிட்ட தெரு, நிஜமாகவே வெள்ளம் வந்த அன்று ஏன் வாயைத் திறக்கவில்லை என்று ஒரு நிமிஷம் யோசித்திருந்தால் போதும். யோசித்தால் அந்தப் பதிவு ஞாபகத்துக்கு வரும் என்று உள்ளுக்குள் எனக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் இப்போது நினைக்கிறேன்.

மறுநாள் காலையில்தான் படகு அங்கே போனது. தெருவே மொட்டை மாடிகளில் மழையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருந்தது. ஏறிய அவசரத்தில் அவர்கள் போன்களெல்லாம் தண்ணீரோடு போயிருந்தன. தண்ணீர் கட்டிலை முட்டிய பிறகுதான் பரமசிவத்தைப் பக்கத்து வீட்டார் இழுத்து மாடியில் போட்டிருக்கிறார்கள். முழுக்க நனைந்து, ஒரு பகலும் ஓர் இரவும் ஒரு தார்ப்பாய்க்கு அடியில் கிடந்திருக்கிறார். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் கண்டு, சில நாளில் இறந்துபோனார். சான்றிதழில் நோய் என்றுதான் இருக்கிறது. என்னையும் அவர் சாவையும் சேர்த்துவைக்கிற காகிதம் எந்த அலுவலகத்திலும் கிடையாது. அது எனக்கு ஆறுதலாக இருந்த நாட்களும் உண்டு. அதற்காகவும் வெட்கப்படுகிறேன்.

அந்தத் தெருக்காரர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்திருந்தோம். பெயர்ப் பட்டியல் எடுக்க நான் போனேன். மாரிச்செல்வி என்ற பெயரை எழுதும்போது, முதலிலேயே பள்ளிக்கூட மாடிக்கு ஏறியது இவர்கள் மட்டும்தான் என்று யாரோ சொன்னார்கள். எதிரே இருப்பவர் யார் என்று தெரியாமலே கேட்டேன், "ஏம்மா, அவ்வளவு முன்னாடி ஏறியிருக்கிய, மாடியில இருந்து எங்களுக்கு ஒரு போன் அடிச்சிருக்கலாம்லா?"

அவர் தலை நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "நம்பர எடுத்து வெச்சிட்டு உக்காந்திருந்தேன் சார். அமுக்கல" என்றார். பிறகு, "அன்னைக்கு குரூப் போட்டோ எடுக்கச் சொன்னது நீங்கதான?" என்று கேட்டார்.

சுற்றிலும் அந்தத் தெருக்காரர்கள் நின்றார்கள். பரமசிவத்தின் மனைவியும் நின்றார். அவர் அப்போது ஆஸ்பத்திரிக்குச் சோறு எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"இல்லம்மா. அது வேற ஆளு. அவரு மாறுதலாகிப் போயிட்டாரு" என்றேன்.

"சரி சார்" என்றார் மாரிச்செல்வி. நான் அடுத்த பெயரை எழுதினேன்.

நக்கலாகப் பேசியதைக்கூட வேலை அலுப்பு என்று யாராவது மன்னிக்கலாம். இந்தப் பொய்க்கு அப்படி ஒரு சாக்கும் என்னிடம் இல்லை. ஓய்வு பெற்றேன், விருந்து கொடுத்தார்கள், டவுணில் தேர் ஓடுகிற வீதிக்குப் பக்கத்தில் வீடு பார்த்துக் குடிவந்தேன். அந்த ஊர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறுவதைத் தவிர்த்துவிட்டேன். நான் நிறுத்தாததால் அந்தப் பதிவு உங்கள் வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்தது.

வகுப்புக்கு மறுவாரம் ஒரு நாள் காலை பஸ் ஏறினேன். ஒரு வீட்டுக்குப் போகிறோமே என்ற பழக்கத்தில் கால் கிலோ அல்வா வாங்கியிருந்தேன். பாதி வழியில்தான், யார் வீட்டுக்கு எதைக் கொண்டுபோகிறேன் என்று உறைத்தது. பொட்டலத்தைப் பைக்குள் அடியில் தள்ளினேன். அது வெளியே வரவே இல்லை.

மாரிச்செல்வி வீட்டுக்குள் சுளகை மடியில் வைத்துப் பீடி சுற்றிக்கொண்டிருந்தார். "வாங்க சார்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டார். நான் உட்காரவில்லை.

"முகாமுல நீங்க கேட்டப்ப நான் பொய் சொல்லிட்டேம்மா. போன்ல பேசினது நான்தான். அத வெட்டி அனுப்பினதும் நான்தான்."

"தெரியும் சார்."

"தெரியுமா?"

"அந்தக் குரல எத்தன நாள் கேட்டிருக்கேன். போகும்போதும் வரும்போதும் போட்டுக் காட்டுவானுவ. மறக்குமா?"

"அப்ப ஏன் அன்னைக்கே சொல்லல?"

"நீங்கதான் இல்லன்னுட்டியளே. அதுக்கு மேல நான் என்னத்தச் சொல்ல?"

மன்னித்துவிடுங்கள் என்றேன். அவர் கை நிற்காமல் இலையைச் சுருட்டிக்கொண்டிருந்தது. "பரமசிவம் அண்ணாச்சி வீட்டு அக்கா இப்பவும் எங்கூட பேசாது சார். 'நீ உன் பிள்ளையள மட்டும் கூட்டிட்டு ஏறிட்ட'ன்னு சொல்லிச்சு. அது சொல்லுதது சரிதான. நான் ஏறிட்டேன்லா."

"அந்தப் பழி உங்களது இல்லம்மா, என்னுது."

"அத எங்கிட்ட சொல்லி என்ன செய்ய? அங்கன போய்ச் சொல்லுங்க."

நாலு வீடு தள்ளிப் போனேன். பரமசிவத்தின் மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே, நான் சொன்னதையெல்லாம் கடைசி வரைக்கும் கேட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அவ மேல தப்பு இல்லன்னு சொல்லுதிய" என்றார். "ஆமா" என்றேன். "இத்தன நாள் கழிச்சு வந்து சொல்லுதிய" என்றார். உள்ளே போய்விட்டார். கதவைச் சாத்தவில்லை. நானும் அதற்கு மேல் அங்கே நிற்கவில்லை.

பையை மாரிச்செல்வி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தேன். எடுக்க வந்தபோது அவர் சுளகை இறக்கி வைத்துவிட்டு எழுந்து நின்றார். "சார், ஒண்ணு கேக்கட்டா?"

"கேளுங்கம்மா."

"அந்தச் சோதனை அன்னைக்கு, தெருவுல உள்ள ஆளுவ எல்லாரையும் ஏத்தினேன்லா. அத நான் சரியாத்தான செஞ்சேன்?"

இத்தனை காலத்தில் எத்தனையோ ஒத்திகை நடத்தியிருக்கிறேன், விசிலும் மைக்கும் நூறு பணியாளர்களும் வைத்துக்கொண்டு. படுக்கையில் கிடக்கிற ஆளைக்கூட விட்டுவிடாமல் ஒரு தெருவை அவ்வளவு சீக்கிரத்தில் காலி செய்ததை நான் பார்த்ததில்லை. அதை அப்படியே அவரிடம் சொன்னேன். "சரியாச் செஞ்சியம்மா. எங்களில ஒருத்தரும் அப்படிச் செஞ்சதில்ல."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, விழுந்து கிடந்த இலைத் துணுக்குகளைக் காலால் ஒதுக்கினார்.

"இந்த வார்த்தைய அன்னைக்குப் போன்லயே சொல்லியிருந்தியன்னா, அடுத்த தடவையும் ஏத்தியிருப்பேன் சார்" என்றார்.